மதினியின் விதையறையில் என் பொம்மைகள்

பொம்மைகளை வருஷக்கணக்கில் கெடாமல் வைத்திருப்பது எப்படி என்று யாராவது என்னிடம் கேட்டால், முதலில் உட்காருங்கள் என்பேன். நின்றுகொண்டு கேட்கிற விஷயம் இல்லை அது. எங்கள் அருப்புக்கோட்டையில் வெயில் வானத்தில் மட்டும் இருப்பதில்லை. சுவருக்குள் இருக்கும், பீரோவுக்குள் இருக்கும், குடத்துத் தண்ணீருக்குள்ளும் இருக்கும். அந்த வெயிலில் ரப்பர் பிசுபிசுக்கும், பிளாஸ்டிக் வெளிறி நொறுங்கும், அரக்குச் சாயம் மங்கும். அது போதாதென்று எலி, கரப்பான், ராமபாணப் பூச்சி. தகரப் பொம்மைக்கோ நம் கை வேர்வையே எமன். தொட்டுவிட்டுத் துடைக்காமல் வைத்தால், அடுத்த வருஷம் விரல் பட்ட இடத்தில் துரு நிற்கும்.

இவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறாயே, உனக்கு வேறு வேலை இல்லையா என்பார்கள். ஏன் இல்லை? நானும் என் வீட்டுக்காரரும் பஜாரில் ஜாக்கெட் துணிக் கடை வைத்திருக்கிறோம். காலையிலிருந்து கடை அடைக்கிறவரைக்கும், "இந்தப் பச்சை இல்லக்கா, அந்தப் பச்சை" என்பவர்களோடு மல்லுக்கட்டுகிற பிழைப்பு. ஒரே மகன், பெங்களூரில் இருக்கிறான். சின்ன வயசிலேயே பொம்மைப் பக்கம் திரும்பாதவன். அவனுக்கு ஒரு பந்து இருந்தால் போதும். ஆகவே இவை அவன் விளையாடி மிச்சம் வைத்த பொம்மைகள் இல்லை. பேரன் பேத்திக்கென்று சேர்த்தவையும் இல்லை. "யாருக்கு இதெல்லாம்?" என்று கேட்கிறவர்களிடம் "எனக்கு" என்பேன். அதோடு அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்.

விலை உயர்ந்தது என்று என்னிடம் ஒன்றும் கிடையாது. திருச்சுழிக் கோயில் திருவிழாக் கடைகளில் வாங்கிய மரச் சொப்புச் சாமான்கள்: அடுப்பு, பானை, குடம், ஆட்டுக்கல், மூடி போட்ட டப்பாக்கள், எல்லாம் கட்டைவிரல் உயரம், சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக. பந்தல்குடியில் லாரிக்காரர்கள் டீ குடிக்க நிறுத்துகிற கடைகளில், பிஸ்கட் பாக்கெட்டுகளுக்கு நடுவே தொங்குமே, அந்த பிளாஸ்டிக் லாரிகளும் பஸ்களும். சாவி கொடுத்தால் தவ்வுகிற தகரத் தவளை. அமுக்கினால் கத்துகிற ரப்பர் யானை ஒன்று. இப்போது கத்துவதில்லை, காற்று மட்டும் விடும். இவற்றில் ஒன்றைக்கூட நான் யாருக்கும் கொடுத்ததில்லை. சொந்தக்காரர் பிள்ளை தரையில் புரண்டு அழுதாலும் கொடுத்ததில்லை. கையைப் பிடித்துக் கடைக்குக் கூட்டிப்போய்ப் புதிதாக ஒன்று வாங்கித் தருவேன். அலமாரியில் இருப்பது அலமாரியில்தான் இருக்கும். மகா கஞ்சம் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

இப்படி இருந்தவளுக்கு, வீட்டை இடித்துக் கட்டவேண்டிய நிலைமை வந்தது. மேல்தளம் உதிர்ந்து கம்பி தெரிய ஆரம்பித்துவிட்டது. நாங்கள் வாடகைக்குப் பிடித்தது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட மாடி வீடு. மத்தியானம் அதற்குள் நின்றால் இட்லிச் சட்டிக்குள் நிற்கிற மாதிரி இருக்கும். ரப்பர் யானையை அங்கே கொண்டுபோனால் கூழாகிவிடும். கடையில் துணிக்கே இடமில்லை. "ஆறு மாசந்தானே, எங்கயாச்சும் ஒரு மூலையில கட்டிப் போடு" என்றார் என் வீட்டுக்காரர். கொத்தனார் சொல்கிற ஆறு மாதம் எத்தனை மாதம் என்று வீடு கட்டியவர்களுக்குத் தெரியும். எனக்குச் சோறு இறங்கவில்லை. சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. இத்தனை வருஷம் ஒவ்வொன்றாகச் சேர்த்தது அத்தனையும் போய்விடப்போகிறது என்ற பயம். தட்டில் போட்டதைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுவேன்.

அந்தச் சமயத்தில் போன் செய்தவர்தான் மதினி. என் வீட்டுக்காரரின் அக்கா. பரளச்சிப் பக்கம் கரிசல் காட்டில் மானாவாரி வெள்ளாமை. மிளகாய், உளுந்து எல்லாம் போட்டாலும் அவருடைய கொத்தமல்லிக்குத்தான் பேர். பொடி மணி, வறுக்காமலே வாசம் தூக்கும். கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த வருஷத்திலிருந்து அவர் மல்லி விதையைக் கடையில் வாங்கியதில்லை. மாசியில் அறுத்ததில் நல்லதைத் தனியாக எடுத்து வைத்து, அதையே ஐப்பசி மழைக்கு விதைப்பார். அந்த விதை இருக்கிற அறையின் சாவி அவர் இடுப்பை விட்டு இறங்காது. அவருடைய வீட்டுக்காரரை நான் அண்ணன் என்பேன். அண்ணனுக்கே அந்தச் சாவி கேட்டால்தான் கிடைக்கும்.

"ஏ புள்ள, உன் பொம்மைகள எல்லாம் இங்க கொண்டாந்து வை. வெதை ரூமு குளுகுளுன்னு இருக்கும்" என்றார் போனில்.

"மதினி, அது வெதை வைக்கிற எடமில்ல?"

"அதெ நான் பாத்துக்கிறேன். நீ கொண்டா."

எனக்குக் கொஞ்சம் சந்தேகம்தான். என் அலமாரியைப் பார்த்து முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தவர் அவர். "கழுதை வயசாச்சு, இன்னும் சட்டிபானை வச்சுக்கிட்டுத் திரியிறா" என்று என் முன்னாலேயே சொன்னவர். ஆனால் வேறு போக்கிடம் இல்லை. சரி மதினி, வாரேன் என்று சொல்லிவிட்டேன்.

கட்டி வைத்த விதத்தைக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன். அதில் எனக்குப் பெருமை உண்டு. பழைய பருத்தி வேட்டிகளைக் கஞ்சி போகத் துவைத்து, கிழித்து, ஒவ்வொன்றையும் தனியாகச் சுற்றினேன். கஞ்சி இருந்தால் பூச்சி வரும். பேப்பரைக் கிட்டேயே சேர்க்கவில்லை; மை ஒட்டும். ரப்பரும் பிளாஸ்டிக்கும் உரசிக்கொண்டு கிடந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அதனால் தனித்தனி டப்பா. தகரத்துக்கு ஒரு துளி தையல் மிஷின் எண்ணெய். சாவிப் பொம்மைகளை முழுக்க ஓடவிட்டுத்தான் வைக்க வேண்டும். முறுக்கியபடி வைத்தால் ஸ்பிரிங் செத்துப்போகும். புதுச் செருப்பு டப்பாவுக்குள் ஈரம் உறிஞ்சுகிற சின்னப் பொட்டலம் ஒன்று வருமே, அதை நான் ஒருநாளும் தூக்கிப் போட்டதில்லை. அதையெல்லாம் டப்பாவுக்கு ஒன்றாகப் போட்டேன்.

சொப்புச் சாமான்தான் பாடாய்ப் படுத்தியது. உள்ளே வெற்றாக இருந்தால் மூடி ஆடி ஆடி விளிம்பு தேய்ந்துபோகும். பஞ்சு வைத்தால் ஈரம் குடிக்கும். யோசித்து யோசித்து, அந்த மாசியில் மதினி புதிதாகக் கொடுத்துவிட்ட மல்லியை எடுத்தேன். பானை, குடம், டப்பா எல்லாவற்றிலும் கழுத்துவரை நிரப்பி, மூடியை நூல் போட்டுக் கட்டினேன். மல்லிக்குக் கனமில்லை, மரத்தைக் கீறாது. "சாம்பாருக்கு வந்த மல்லி சட்டிபானைக்குப் போச்சா?" என்று என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். கடையில் வாங்கிச் சாம்பார் வைத்தால் இறங்காதா உங்களுக்கு என்று கேட்டேன்.

லோடு ஆட்டோவில் ஏற்றிப் பரளச்சி போய்ச் சேர்ந்தோம். விதையறைக்கு ஜன்னல் கிடையாது. முழங்கை அகலத்துக்கு மண்சுவர், குனிந்து போகிற மாதிரிச் சின்னக் கதவு. உள்ளே காலை வைத்ததும் உடம்புக்கு இதமாக இருந்தது, வேப்பிலை வாசம் வந்தது. வழக்கமாக அடுக்கியிருக்கும் மூட்டைகளைக் காணோம். கூட்டிப் பெருக்கி, செங்கல் வைத்துப் பலகை போட்டிருந்தார்கள். எல்லாவற்றையும் விற்றுவிட்டார் போல என்று நினைத்தேன். கேட்கத் தோன்றவில்லை, என் கண்ணெல்லாம் டப்பாக்கள் மேல்தான் இருந்தது.

"பத்திரம் மதினி."

"வெதை மாதிரிப் பாத்துக்கிறேன், போ" என்று கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். அந்த ஒரு சொல்லில் எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. அன்றைக்கு ராத்திரி வயிறாரச் சாப்பிட்டேன்.

கொத்தனாரின் ஆறு மாதம் எல்லோருக்கும் நடக்கிறபடியே நடந்தது. மணல் வந்தால் ஆள் வராது, ஆள் வந்தால் கம்பி வராது. வருஷம் திரும்பி மறு மாசியும் வந்தது. அந்த மாசியில் மதினியிடமிருந்து மல்லி வரவில்லை. கேட்டதற்கு, "இந்த வருசம் அம்புட்டுச் சரியில்ல புள்ள" என்று பேச்சை மாற்றிவிட்டார். மழை தப்பியிருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன்.

அதற்கடுத்த மாதம், பங்குனியில், அந்தப் பக்கம் ஒரு காதுகுத்துக்குப் போனவள், எட்டிப் பார்த்துவிட்டு வரலாம் என்று சொல்லாமல் கொள்ளாமல் மதினி வீட்டுக்குப் போனேன். உச்சிவெயில். களத்தில் மிளகாய் வத்தல் காய்ந்துகொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு தார்ப்பாயில் வேறொன்றும் காய்ந்தது. சிவப்பாக, பச்சையாக, மஞ்சளாக. கிட்டே போய்ப் பார்த்தேன். என் பொம்மைகள். வரிசை பிசகாமல் படுக்க வைத்திருந்தார்கள். மதினி தலையில் முக்காட்டுத் துண்டோடு குத்தவைத்து உட்கார்ந்து, என் பஸ்ஸை மறுபக்கம் காயட்டும் என்று புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அடியாத்தி! என்ன மதினி பண்ணுறீக?"

"வெயிலு காட்டுறேன்."

"பொம்மைக்கு எதுக்கு வெயிலு?"

"நல்லாக் கேட்ட போ. ரூமுக்குள்ள வச்ச சாமானுக்கு வருசத்துக்கு ஒருதரம் வெயிலு காட்ட வேணாமா? வண்டு விழுந்துரும்ல?"

நான் போட்ட சத்தத்தில் வத்தல் கிண்டிக்கொண்டிருந்த அண்ணன் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். "ரப்பரு உருகிரும், பிளாஸ்டிக்கு கோணிரும்! இது என்ன உளுந்தா, தொவரையா? கூறு வேணாம்?" என்றேன். மூத்தவரைப் பார்த்துத்தான் கேட்டேன். மதினியும் லேசுப்பட்டவர் இல்லை.

"ஏ, யாரப் பாத்துடி கூறுங்கிற? விடியவும் ஒண்ணொண்ணா அவுத்து வச்சு, நாய் தூக்காம, காக்கா கொத்தாம காவலு காத்துக்கிட்டு ஒக்காந்திருக்கேன். ஒரு வாய் கஞ்சி குடிக்க எந்திரிக்கல. வந்துட்டா பேச!"

யானையின் தும்பிக்கை இளகித் தொங்கிவிட்டது. பஸ்ஸின் கூரை நடுவில் குழிந்திருந்தது. தவளை தப்பித்துவிட்டது. சொப்புச் சாமான்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை. நூல் கட்டுகூட அவிழாமல், தொட்டால் சுடுகிற சூட்டில் கிடந்தன. எல்லாவற்றையும் வேப்பமரத்து நிழலில் ஆறவைத்து மறுபடி சுற்றினேன். மதினி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். நான் வாசலிறங்கும்போது, "யானைக்கு இனிமே வெயிலு கெடையாது. மத்ததுக்கு?" என்று கேட்டார். "எதுக்குமே கெடையாது!" என்றேன். "சரி சரி, கத்தாத" என்றார்.

நான் கத்தியது தப்பென்று இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை. ரப்பர் ரப்பர்தானே.

ஒருவழியாக ஆவணியில் புதுவீட்டுக்குப் பால் காய்ச்சினோம். வெயில் எட்டாத வடக்குச் சுவரில் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி, அதற்கு உள்பக்கம் ஒரு திரை. இது மட்டும் நான் கொத்தனாரோடு சண்டைபோட்டு வாங்கியது. பொம்மைகளை எடுத்துவர நானும் என் வீட்டுக்காரரும் பரளச்சிக்குப் போனோம். அண்ணன்தான் டப்பாக்களைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினார்.

"இனிமே வெதை வைக்க ரூமு இருக்கு. வைக்கத்தான் வெதை இல்ல" என்று சிரித்தார்.

"ஏண்ணே, மல்லி வெதை இருக்குமே?"

"அது போயி எம்புட்டு நாளாச்சு தாயி. வெதை கெடந்தா வண்டு வரும், வண்டு வந்தா பொம்மையக் கடிக்கும்னு, நீ வாரதுக்கு முந்தின நாளே அம்புட்டையும் தூக்கி மாட்டுக் கொட்டத்துல போட்டுட்டா உங்க மதினி. அந்தச் சித்திரையில ஒரு மழை அடிச்சது பாரு, கூரை ஒழுகி மூட்டை பூராம் பூசணம் பூத்துப்போச்சு. பெறகு ஐப்பசிக்குக் கடை மல்லிதான் வாங்கி வெதைச்சோம். செடி வந்துச்சு, வாசந்தான் வரல."

"வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீகளா?" என்று மதினி உள்ளிருந்து ஓர் அதட்டல் போட்டார்.

நான் கையில் இருந்த டப்பாவைக் கீழே வைத்துவிட்டேன். கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து கைவிடாமல் காத்த விதை. என் ரப்பர் யானைக்கு இடம் கொடுக்கப்போய் மாட்டுக் கொட்டத்தில் கிடந்து பூத்திருக்கிறது. எனக்கு அழுகை வந்தால் கூடவே கோபமும் வந்துவிடும்.

"ஏன் மதினி எங்கிட்டச் சொல்லல? சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா நீ பொம்மையத் தூக்கிக்கிட்டு அந்த ஷீட்டு வீட்டுக்குப் போயிருப்ப" என்றார் மதினி. "நீ சோறு திங்க மாட்டேங்கிறன்னு தம்பி போன்ல சொன்னான். பொறவு நான் என்ன செய்ய? வெதை போனாப் போகுது, கடையில விக்கிது." சொல்லிவிட்டு வாசல்பக்கம் திரும்பிக்கொண்டார். போனால் போகிறது என்று சொல்கிறவர்கள் அப்படித் திரும்பிக்கொள்ள மாட்டார்கள்.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் ஆட்டோ டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவிடம் சொன்னதை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை மனுஷன். அவரை அங்கேயே பிடித்துக்கொள்ளலாமா என்று வாயைத் திறந்தபோதுதான், "சாம்பாருக்கு வந்த மல்லி" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டது ஞாபகத்துக்கு வந்தது.

"மதினி, சொளகை எடுங்க."

"எதுக்கு?"

"எடுங்கன்னா எடுங்க!"

சொப்புச் சாமான் டப்பாவை அங்கேயே தரையில் வைத்துப் பிரித்தேன். பல்லால் நூலைக் கடித்து, முதல் பானையைத் திறந்து, மதினி கொண்டுவந்த முறத்தில் கவிழ்த்தேன். பொலபொலவென்று மல்லி விழுந்தது. அடுத்து குடம். அடுத்து சிவப்பு டப்பா. கட்டைவிரல் அளவு சாமானில் எவ்வளவு கொள்ளும்? ஆனாலும் ஒவ்வொன்றாகக் கொட்டக் கொட்ட, சொளகின் மூலையில் ஒரு சின்னக் குவியல் சேர்ந்தது. மதினி குனிந்து நாலு மணியை எடுத்து உள்ளங்கையில் தேய்த்தார். மோந்து பார்த்தார். ஒன்றைக் கடித்தார்.

"ஏ புள்ள, இது எம் மல்லியில்ல?"

"நீங்க குடுத்துவிட்டதுதான் மதினி. அந்த மாசி மல்லி. மூடி ஆடாம இருக்க நான்தான் போட்டு வச்சேன்."

"கலகலன்னு காஞ்சு கெடக்கே. ஒரு மணியில ஓட்டை இல்ல, வண்டு இல்ல." குவியலை விரலால் பரப்பிப் பரப்பிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்தது. பிறகு என்னை ஏறிட்டுப் பார்த்து, "வெயிலு காட்டுனோம்ல" என்றார்.

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார்.

ஐப்பசியில் மழை விழுந்ததும் அதைக் காட்டுக்குக் கொண்டுபோகவில்லை மதினி. வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் ஒரு பாத்தி கட்டி, சுற்றிலும் முள் வைத்து, அதில் போட்டார். கோழியை விரட்டுவதே அவருக்கு முழுநேர வேலையாகிவிட்டது என்று அண்ணன் சொன்னார். ஒருநாள் கடையில் கூட்டம் நெரிகிற நேரத்தில் போன் வந்தது. "மொளைச்சிருச்சு. பாதிக்குப் பாதி பழுதில்ல" என்று கத்தினார். நான் ஒருத்திக்கு வெட்ட வேண்டிய துணியை இன்னொருத்திக்கு வெட்டிவிட்டேன். அதற்காக என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. அக்காவிடம் போனில் சொன்னது எனக்குத் தெரிந்த பிறகு, சொல்கிற நிலைமையில் அவரும் இல்லை.

மாசியில் கூப்பிட்டார். "வெதைக்கு ஆச்சு புள்ள, வந்து பாரு. வரும்போது அந்த மூடி போட்ட செவப்பு டப்பாவைக் கொண்டாறியா?"

அளந்து பார்க்கக் கேட்கிறார் என்று நினைத்து எடுத்துப்போனேன். விதையறையில் பழையபடி வேப்பிலை வாசம். பலகை மேல் புது மண்பானை நிறைய மல்லி. மதினி அதில் ஒரு பிடி எடுத்துச் சிவப்பு டப்பாவில் கழுத்துவரை நிரப்பினார். மூடியைப் போட்டு, நான் கட்டின மாதிரியே நூல் போட்டுக் கட்டி, சுவரிலிருந்த மாடத்தில் வைத்தார். எடுத்துத் தருவார் என்று நான் கையை நீட்டியபடி நின்றேன்.

"இது இங்கயே கெடக்கட்டுமா?" என்றார். அவர் என்னிடம் எதையும் அப்படித் தணிந்து கேட்டதே இல்லை. "பானையில இருக்கது போனாலும் இதுல ஒரு பிடி கெடக்கும்ல."

ஒரு டப்பா குறைந்தால் செட்டே குறைந்துபோகும். அலமாரியில் அந்த இடம் பல் விழுந்த மாதிரித் தெரியும். எனக்கு அதெல்லாம் அப்போதும் தெரிந்துதான் இருந்தது.

"இருக்கட்டும் மதினி" என்றேன்.

"வருசத்துக்கு ஒருதரம் வெயிலு காட்டுவேன். அப்ப வந்து கத்தப்படாது."

காட்டினால் அரக்குச் சாயம் மங்கும். மங்கினால் மங்கட்டும், நல்லாக் காட்டுங்க என்று சொல்லிவிட்டு வந்தேன்.